கோழிகளுக்கு நடுவே நாய்க்குட்டி வளர்ப்பு: முதல் துரத்தலைத் தடுப்பது எப்படி

மலேசியாவில் சுங்கை சிப்புட், பாடாங் செராய் மாதிரி தோட்டப்புற ஊர்களில் வீட்டுக்குப் பின்னால் ஒரு கோழிக்கூடு இருக்கும். அதற்கு அந்தப் பக்கம் நாலு வாழை, அதையும் தாண்டினால் செம்பனை (எண்ணெய்ப் பனை). பகலில் உடும்பு வரும். இருட்டினால் முசாங் என்கிற மரநாயும் மலைப்பாம்பும். இவற்றுக்காகத்தான் நாய் வளர்க்கிறோம். வளர்த்த நாயே ஆறாம் மாதத்தில் நாலு கோழியைக் கடித்துப் போட்டுவிட்டது என்ற புலம்பலும் இதே ஊர்களில்தான் கேட்கிறது.

நாய் கோழியைக் கொல்வது பெரும்பாலும் பசியால் அல்ல. வயிறு நிறையத் தின்ற நாயும் கொல்லும். கொன்றதைத் தின்னாமல் போட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கப் போகும். முறைத்துப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, உதறுவது என்று வேட்டைக்கு ஒரு வரிசை உண்டு. இதில் ஒவ்வொரு படியும் நாய்க்குத் தனித்தனியாகவே இன்பம். குட்டி துரத்துவதோடு நின்றுவிடுகிறதே, விளையாட்டுதானே என்று விடுவதில்தான் காரியம் கெடுகிறது. சிறகடித்துக் கத்திக்கொண்டு ஓடும் கோழி தரும் சுகத்துக்கு நீங்கள் கையில் வைத்திருக்கும் ஈரல் துண்டு ஈடாகாது. ஒரு முறை ருசி கண்டுவிட்டால் அதை மறக்கடிக்க மாதக்கணக்கில் ஆகும். ஆகவே வேலை ஒன்றே ஒன்றுதான்: முதல் ஒன்றரை வருடத்தில் குட்டிக்குத் துரத்த வாய்ப்பே கிடைக்கக் கூடாது. பழக்குவது பாதி, வாய்ப்பை அடைப்பது மீதிப் பாதி.

எந்தக் குட்டி

நம் வெயிலுக்கும் மழைக்கும் சாதாரண நாட்டு நாய்க்குட்டியே போதும். ஆட்டு மந்தை காப்பதற்காக ஐரோப்பாவில் உருவான மரெம்மா, கிரேட் பிரனீஸ் போன்ற இனங்களைப் படத்தில் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அவற்றின் அடர்ந்த இரட்டை ரோமம் பனிக்கு ஏற்பட்டது. இங்கே பகல் முழுக்க நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடக்கும். அந்த இனங்களைக்கூட இரண்டு வயது ஆகும்வரை தனியாக நம்பி விடுவதில்லை என்பதை நினைவில் வையுங்கள். நாட்டு நாய் சில மாதத்திலேயே தேறிவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகும் நாய்களின் குட்டி வேண்டாம். ஹஸ்கி, டெரியர் கலப்பும் வேண்டாம். முடிந்தால் தாய் நாயைப் போய்ப் பாருங்கள். கோழி பக்கத்தில் மேய்ந்தாலும் தலையைத் தூக்காமல் படுத்திருக்கும் தாயின் குட்டி என்றால் பாதி கவலை தீர்ந்தது. 8 வாரத்துக்கு முன்னால் பிரித்து எடுத்து வராதீர்கள். உடன்பிறந்த குட்டிகளோடு கடித்து விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்கிறது. நாலு வாரத்தில் பிரிந்த குட்டிக்கு அந்த அளவு தெரியாது. கோழியை விளையாட்டாகக் கவ்வினாலும் எலும்பு முறியும்.

துணைக்கு இருக்கட்டும் என்று ஒரே ஈற்றில் இரண்டு குட்டி எடுப்பது பெரிய தவறு. ஒன்று சும்மா இருந்தாலும் மற்றது கிளப்பிவிடும். இரண்டு நாய் வேண்டுமென்றால் முதலாவது தேறிய பிறகு இரண்டாவது.

வலையும் அடைப்பும்

கடையில் கோழி வலை என்று விற்கும் அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைக்கும். நாயை வெளியே வைக்காது. வளர்ந்த நாய் அதைப் பல்லால் கிழித்துவிடும். கூட்டுக்கு 1 அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் போடுங்கள். அடியில் இரண்டு அடி உயரத்துக்கு மட்டும் அரை அங்குலக் கண். எலியையும் சின்ன மலைப்பாம்பையும் அதுதான் நிறுத்தும். நாயும் உடும்பும் தோண்டுவதைத் தடுக்க, வலையை ஒன்றரை அடி வெளிப்பக்கமாகத் தரையில் மடக்கி விரித்து, முளை அடித்து, மேலே மண் போடுங்கள். தோண்டுகிற மிருகம் வேலி ஓரத்தில்தான் காலை வைக்கும். அங்கே கம்பி தட்டினால் பின்னால் தள்ளிப் போய்த் தோண்டத் தோன்றாது. ஒரு மாதத்தில் புல் மூடிவிடும்.

குட்டிக்கு 2 மீட்டருக்கு 2 மீட்டர் அடைப்பு, உயரம் 4 அடி. அதன் ஒரு பக்கம் கோழிக்கூட்டைப் பார்த்து இருக்கட்டும். இரண்டு வலைக்கும் நடுவே ஓர் அடி இடைவெளி விடுங்கள். ஒரே வலையைப் பொதுவாக வைத்தால் குட்டி மூக்கை நுழைக்கும், சேவல் கொத்தும், கண்ணில் பட்டால் பார்வை போகும். குஞ்சோடு நிற்கும் பெட்டைக் கோழியிடம் குட்டி ஒரு அடி வாங்கட்டும், புத்தி வரும் என்று சிலர் விடுவதுண்டு. கொத்து மூக்கில் விழுந்தால் பாடம், கண்ணில் விழுந்தால் மருத்துவச் செலவு. அந்தச் சூதாட்டம் தேவை இல்லை.

தகரக் கூரை மட்டும் என்றால் மதியம் அடுப்புதான். தகரத்தின் மேல் தென்னங்கீற்றோ கருப்பு நிழல் வலையோ போடுங்கள். தண்ணீர்ப் பாத்திரம் கனமானதாக இருக்கட்டும்.

கோழிகளுக்கும் தப்பிக்க வழி வேண்டும். மேய்கிற இடத்தில் இரண்டு மூன்று இடங்களில் நாலடி உயரத்தில் கழி கட்டி வையுங்கள். தாவி ஏற இடம் தெரிந்த கோழி பதறிக் கத்தி ஓடாது. ஓடாத கோழியைத் துரத்தத் தோன்றாது.

எட்டு வாரத்திலிருந்து நாலு மாதம் வரை

முதல் இரண்டு வாரம் குட்டி தன் அடைப்பிலிருந்து கோழியைப் பார்த்தாலே போதும். நாளுக்கு மூன்று தடவை, தடவைக்கு மூன்று நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். குட்டி கோழியைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கும் ஒரு நொடி வரும். அந்த நொடியில் “சரி” என்று சொல்லி, அவித்த ஈரலில் கடலை அளவு ஒரு துண்டு கொடுங்கள். கோழியைப் பார்ப்பது குற்றம் இல்லை. பார்த்துவிட்டு விட்டுவிடுவதுதான் நாம் விலை கொடுத்து வாங்கும் பழக்கம். கோழி ஈரல் கொடுத்தால் கோழிமேல் ஆசை வராதா என்று கேட்பார்கள். அவித்த ஈரலையும் அலைகிற கோழியையும் நாய் ஒன்றாக முடிச்சுப் போடுவதில்லை.

மூன்றாம் வாரத்திலிருந்து மார்பு வார் போட்டு, 2 மீட்டர் கயிற்றில் வெளியே கொண்டுவாருங்கள். நேரம் முக்கியம். காலையில் கூட்டைத் திறந்ததும் கோழிகள் சிறகடித்துக்கொண்டு பாயும்; புதுக் குட்டிக்கு அதைவிட மோசமான காட்சி கிடையாது. மாலை 6 மணிக்கு மேல் அவை மெதுவாக அடையத் திரும்பும் நேரத்தில் தொடங்குங்கள். குட்டி அதற்கு முன்பே ஓடி விளையாடி, சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும். முதலில் 6 மீட்டர் தள்ளி உட்காருங்கள். மூன்று நான்கு நாள் அமைதியாக இருந்தால் ஒரு மீட்டர் நெருங்குங்கள்.

காது முன்னால் குவிகிறது, உடம்பு விறைக்கிறது, ஒரு முன்னங்கால் தூக்கி நிற்கிறது, கூப்பிட்டால் காதில் விழவில்லை. இதில் எது தெரிந்தாலும் நீங்கள் நெருங்கியது அதிகம். திட்ட வேண்டாம், கயிற்றைச் சுண்டவும் வேண்டாம். மூன்று மீட்டர் பின்னால் போய், மறுபடி அங்கிருந்து தொடங்குங்கள். கயிறு எப்போதும் இறுக்கமாக இருந்தாலும் கெடுதல்தான். இழுத்துப் பிடிக்கப் பிடிக்க எட்டாத கோழிமேல் வெறி ஏறும்.

மூன்றரை நாலு மாதத்தில் கோழி வேலைக்கு அதையும் கூட்டிப் போங்கள். தண்ணீர் மாற்றுவது, தீவனம் போடுவது, முட்டை எடுப்பது எல்லாம் குட்டியின் கயிற்றை உங்கள் இடுப்பில் கட்டியபடி நடக்கட்டும். கோழி என்றால் சலிப்பான வேலை என்று குட்டிக்குத் தோன்ற ஆரம்பித்தால் நீங்கள் சரியான வழியில் போகிறீர்கள்.

இங்கே யாரும் கவனிக்காத ஒரு விஷயம். முற்றத்தில் காயும் துணியில் கோழி ஏறினால் என்ன சொல்லி விரட்டுகிறோம்? “சூ, சூ.” நாயை ஏவிவிடுவதற்கும் நம் ஆட்கள் சொல்வது அதே “சூ”தான். சூ காட்டுவது என்றே அதற்குப் பெயர். கோழியைப் பார்த்து நாளுக்குப் பத்துத் தடவை வீட்டில் எல்லாரும் சூ சூ என்று கத்திச் செருப்பை எறிந்தால், குட்டி வேறென்ன புரிந்துகொள்ளும்? குட்டி இருக்கும் வீட்டில் கோழியைச் சத்தமில்லாமல் துடைப்பத்தால் ஒதுக்குங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். கோழிகள் மேயும் பக்கம் பந்து எறிவது, குட்டியோடு ஓட்டப் பந்தயம் விடுவது வேண்டாம். அதற்கு வீட்டு முன்பக்கம் இருக்கிறது.

சொற்கள் குறைவாக இருந்தால் நல்லது. “வா”, “உட்காரு”, “விடு” மூன்றும் போதும். ஆனால் வீட்டில் எல்லாரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா “விடு” என்றும், பாட்டி “போடு கீழே” என்றும், பிள்ளைகள் “நோ” என்றும் சொன்னால் மூன்றும் வீண்.

ஆறாம் மாதத்துக்குப் பிறகு

நாலு மாதக் குட்டி சொன்ன பேச்சுக் கேட்கும். அதை நம்பிக் கயிற்றைக் கழற்றுகிறவர்கள்தான் பெரும்பாலும் கோழியை இழக்கிறார்கள். 6 முதல் 14 மாதம்வரை விடலைப் பருவம். உடம்பு பெரிதாகியிருக்கும், வேட்டைப் புத்தி அப்போதுதான் முழுதாக விழிக்கும், கற்றதெல்லாம் மறந்தது போல் நடக்கும். இந்தக் காலத்தில் 5 மீட்டர் கயிறு தரையில் இழுபட்டபடி இருக்கட்டும். முனையில் முடிச்சு வேண்டாம், எதிலாவது மாட்டும். ஓடத் தொடங்கினால் நாயைப் பிடிக்கப் பாயாதீர்கள், கயிற்றை மிதியுங்கள். நீங்கள் பக்கத்தில் இல்லாத நேரம் எல்லாம் நாய் அடைப்புக்குள் இருக்க வேண்டும். குளிக்கப் போகும் பத்து நிமிடமும் சேர்த்துத்தான்.

காலை 7 மணிக்கு முன் அரை மணி நேரம் நடத்திக் கூட்டிப் போங்கள். வெயில் ஏறினால் தார்ச் சாலை பாதத்தைச் சுடும். முகர்ந்து முகர்ந்து நடக்க விடுங்கள். மூக்குக்கு வேலை கிடைத்த நாய் வீட்டில் அமைதியாகப் படுக்கும்.

சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டிப்போட்டால் பத்திரம் என்று நினைப்பது வழக்கம். நடப்பது நேர்மாறு. கட்டிய நாயின் தட்டில் மிஞ்சிய சோற்றைக் கொத்தக் கோழி வரும். தட்டைக் காக்கும் ஆத்திரத்தில் ஒரு நாள் கவ்வும். சாப்பாட்டை அடைப்புக்குள் வையுங்கள். 15 நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். கட்டிய நாயால் காவலுக்கும் பயன் இல்லை. சங்கிலி எவ்வளவு தூரம் எட்டும் என்பதை உடும்பு இரண்டு நாளில் அளந்துவிடும்.

முனீஸ்வரன் பூசைக்குச் சேவல் அறுக்கும் நாளில் நாயை வேறு பக்கம் அடைத்து வையுங்கள். துடிக்கிற கோழியைப் பார்க்கவும் வேண்டாம். இறகு, குடல் எதுவும் அதன் வாய்க்குப் போகவும் வேண்டாம். தானாகச் செத்த கோழியையும் நாய்க்குப் போடாமல் இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். வெள்ளைக்கழிச்சலில் செத்ததாக இருந்தால், நாய் கவ்விக்கொண்டு போகும் இடமெல்லாம் நோய் போகும். தீபாவளிக்கும் சீனப் பெருநாளுக்கும் வெடிச் சத்தத்தில் நாயும் கோழியும் ஒன்றாக மிரளும். அந்த இரவுகளில் நாய் வீட்டுக்குள் படுக்கட்டும்.

எப்போது அவிழ்ப்பது? பதினான்கு பதினைந்து மாதம் ஆகியிருக்க வேண்டும். கடைசி 30 நாளில் ஒரு முறைகூட விறைத்து முறைக்காமல் இருந்திருக்க வேண்டும். முதலில் நீங்கள் பக்கத்தில் நிற்க ஐந்து நிமிடம். அடுத்த வாரம் அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்தபடி பதினைந்து நிமிடம். இப்படி இரண்டு மாதத்தில் அரை நாளுக்குக் கொண்டுவரலாம். குஞ்சுகளோடு மட்டும் இரண்டு வயதுவரை தனியாக விடாதீர்கள். கீச்சிட்டு ஓடும் சின்ன உருவம் பெரிய நாயையும் சபலப்படுத்தும்.

கடித்துவிட்டால்

வாயில் கோழி இருக்கும்போது கத்திக்கொண்டு துரத்தினால் அது இழுபறி விளையாட்டாகிவிடும். கயிற்றை மிதித்து நிறுத்தி, “விடு” என்று அமைதியாகச் சொல்லி, ஈரலைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு அடைப்புக்குள் விட்டு, ஆறு முதல் எட்டு வாரம் மறுபடி கயிறு.

அடித்தால் நாய் கற்பது, நீங்கள் இருக்கும்போது செய்யக் கூடாது என்பதை மட்டும். செத்த கோழியைக் கழுத்தில் கட்டித் தொங்கவிடும் பழைய வைத்தியமும் இருக்கிறது. அழுகி நாறி, ஈ மொய்த்து, நாயின் தோல் புண்ணாகும். கோழி ஆசை அப்படியே இருக்கும். மூன்று நான்கு கோழியைக் கொன்று பழகிய நாயை இனி அவிழ்த்துக் கோழிகளோடு விட முடியாது. வெளிவேலிக்கும் கூட்டுக்கும் நடுவே ஓடவிட்டால் காவலுக்கு அது இன்னும் நல்ல நாய்தான். கோழிதான் வலைக்குள் இருக்க வேண்டும்.

கடிபட்ட கோழியைத் தனியாகப் பிரித்து வையுங்கள். ரத்தத்தைப் பார்த்தால் மற்றக் கோழிகள் கொத்தும். இறகை விலக்கிப் பாருங்கள். பல் பதிந்த துளை சின்னதாகத் தெரியும், உள்ளே ஆழமாகப் போயிருக்கும். அரை லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்துக் கழுவி, அயோடின் போடுங்கள். இரண்டு நாளில் வீங்கினாலோ நாறினாலோ கால்நடை மருத்துவரிடம் ஆண்டிபயாடிக் தேவை.

எலி மருந்து, தீவனம், உண்ணி

தோட்டப்புறத்தில் நாய் சாகும் காரணங்களில் மிகவும் கவனிக்க வேண்டியது எலி மருந்து. செம்பனை மரத்தடியில் மெழுகுக் கட்டியாக வைப்பது ரத்தம் உறைவதைத் தடுக்கும் விஷம். நாய் கட்டியைத் தின்றாலும் ஆபத்து. விஷம் தின்ற எலிகளைத் தின்றாலும் ஆபத்து. தின்ற அன்று ஒன்றும் தெரியாது என்பதுதான் இதன் சூழ்ச்சி. மூன்று முதல் ஐந்து நாள் கழித்துச் சோர்வு, வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம், இருமல், கருத்த மலம் வரும். தின்றதைப் பார்த்த உடனே, இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோனால் மருத்துவர் வாந்தி எடுக்க வைத்து வெளியேற்றலாம். பிந்தினாலும் வைட்டமின் கே1 மருந்து உண்டு. புதிய வகை விஷங்களுக்கு மூன்று நான்கு வாரம்கூடக் கொடுக்க வேண்டியிருக்கும். பொட்டலத்தையோ கட்டியின் துண்டையோ கையோடு எடுத்துப் போங்கள். தோட்டத்தில் எந்த வாரம் மருந்து வைக்கிறார்கள் என்று மண்டோரிடம் (தோட்ட மேற்பார்வையாளரிடம்) கேட்டு வைத்து, அந்த வாரங்களில் நாயை வேலிக்குள் நிறுத்துங்கள்.

கோழித் தீவனமும் நாய்க்கு ஆகாது. குஞ்சுத் தீவனத்தில் ரத்தக்கழிச்சலைத் தடுக்க மோனென்சின், சாலினோமைசின், லசலோசிட் போன்ற மருந்துகள் கலந்திருக்கலாம். நாய் அதிகம் தின்றால் பின்னங்கால் தளர்ந்து விழும். இதற்கு மாற்று மருந்து இல்லை. மூட்டையைத் திறந்து வைக்காமல் மூடியுள்ள டிரம்மில் கொட்டுங்கள். எலியும் குறையும்.

குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம்வரை. அதில் எலிக் காய்ச்சலுக்கான லெப்டோவும் இருக்கிறதா என்று கேளுங்கள். எலி நிறைந்த இடத்தில் அது முக்கியம். வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும் 2017-இல் சரவாக்கிலும் அந்த நோய் தலைகாட்டியது. நம் ஊரில் இல்லை என்று விடுகிற காலம் போய்விட்டது. பூச்சி மருந்து இரண்டு வாரக் குட்டியிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, எட்டு வாரத்துக்குப் பின் மாதம் ஒரு முறை, ஆறு மாதம்வரை. முந்தைய குட்டி பார்வோ என்ற வைரஸ் நோயில் செத்த இடமென்றால், சிமெண்டுத் தரையை ஒரு பங்கு குளோராக்சுக்கு (பிளீச்) முப்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவுங்கள். மண் தரையில் அந்தக் கிருமி மாதக்கணக்கில் கிடக்கும். அங்கே ஊசி முடியாத குட்டியை இறக்கக் கூடாது.

உண்ணிக்கு நாயின் பிடரியில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தைக் கோழிக்கோ கூட்டுக்கோ அடிக்காதீர்கள். அது முட்டைக்குள் போகும். 2017-இல் ஐரோப்பாவில் லட்சக்கணக்கான முட்டைகளைக் கடையிலிருந்து எடுக்க வைத்தது இந்த மருந்துதான்.

குழம்பு ஊற்றிய மிச்சச் சோறு வேண்டாம். வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். சமைத்த கோழி எலும்பும் வேண்டாம், ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். வளரும் குட்டிக்குச் சோறும் கறியும் மட்டும் போட்டால் சுண்ணாம்புச் சத்துப் போதாது, கால் வளையும். குட்டிகளுக்கான உலர் தீவனம் பிரதானமாக இருக்கட்டும்.

நாகம் விஷத்தைக் கண்ணில் துப்பிவிட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். கூட்டில் மலைப்பாம்பைக் கண்டால் நாயை இழுத்து அடைத்துவிட்டு 999 அவசர எண்ணை அழையுங்கள். பெரிய மலைப்பாம்புக்கு நாயும் இரைதான்.

அக்கம்பக்கம்

நாய் உரிமத்தை ஊராட்சி மன்றத்தில் வருடாவருடம் எடுக்க வேண்டும். தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள், வில்லையைக் கழுத்துப் பட்டையில் மாட்டுங்கள். வெளிவேலி 5 அடிக்குக் குறையக் கூடாது. உங்கள் கோழியைத் தொடாத நாய் பக்கத்துக் கம்பத்துக் (கிராமத்துக்) கோழியை விட்டுவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அது பழகியது உங்கள் கோழிகளோடு மட்டும்.

மலாய்க்கார வீடுகளுக்கு முட்டையும் கம்பத்துக் கோழியும் விற்கிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். நாயின் எச்சில் பட்ட பொருளை அந்த வீட்டார் தங்கள் இஸ்லாமிய முறைப்படி ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரில். முட்டைக் கூடை, தராசு, கோழி கொண்டுபோகும் பெட்டி மூன்றையும் நாய்க்கு எட்டாத உயரத்தில் ஆணி அடித்துத் தொங்கவிடுங்கள். வாங்க வருகிறவர் முன்வாசலுக்கு வரும் நேரத்தில் நாய் பின்பக்க அடைப்பில் இருக்கட்டும்.